வரதன் மென்ற இலை

அந்த ஆபீசர் பொய் சொன்னார். வரதன் சாராயம் குடித்துச் சாகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆபீசருக்குப் பாராட்டு விழா. தொண்ணூறு வயதாம். என் மகன் வேலை செய்யும் உரக்கடை முதலாளியும் செலவில் பங்கு போட்டிருந்ததால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. தன் பூச்சிமருந்துச் சோதனைகளால் ஒரு மனிதருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று ஆபீசர் மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பூண்டு ரச வாசனை வந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்குப் பூண்டு ஆகாது. அந்த மருந்தும் அழுகிய பூண்டு மாதிரிதான் நாறும்.

அறுபதுகளின் தொடக்கம். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் ரோட்டை ஒட்டி ஒரு கிணற்று நிலத்தை ஆபீசரின் கம்பெனியில் குத்தகைக்குப் பிடித்து, மருந்தைச் சோதிக்கப் புகையிலை நட்டார்கள். எங்கள் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும்தான். புகையிலையை ஊரே வேடிக்கை பார்த்தது. இலையைத் திருப்பி, அடியில் அப்பியிருக்கும் அசுவினிப் பூச்சியை எண்ணிச் சொல்வது என் வேலை. பெண் பார்க்கப் போன வீட்டில் உத்தியோகம் கேட்டபோது, பையன் கணக்குப் பார்க்கிறான் என்று அப்பா சொல்லி வைத்தார். பொய் என்று சொல்ல முடியாது.

மருந்தை வேரில் ஊற்றுவோம். அது சாற்றோடு ஏறி இலை முழுக்கப் பரவும். உறிஞ்சுகிற பூச்சி அங்கேயே சுருண்டுவிடும். மெட்ராஸிலிருந்து ஜீப்பில் பெரிய மனிதர்கள் வந்தால் ஆபீசர் ஒரு இலையைப் பறித்துக் காட்டுவார். "மேல ஒண்ணும் கிடையாது. எல்லாம் உள்ள." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வந்தவர்களில் ஒரு வியாபாரி, மருந்தால் புகையிலையின் காரம் குறையுமா என்று கேட்டுவிட்டுப் போனார். மென்று பார்த்தால்தான் தெரியும். இலை பதமாகும் வரை காத்திருக்க ஆபீசருக்குப் பொறுமை இல்லை. வெயிலில் வாட்டிய இலையோடு வரதனைக் கூப்பிட்டார். வரதன் காலனிக்காரர், புகையிலைக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். வாயில் புகையிலை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது. அதுதான் அவருக்கிருந்த தகுதி.

"பூச்சி வாய வச்சா செத்துப்பூடுதே. என் வாய் இன்னா இரும்பா சார்?" என்றார் வரதன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ இன்னாடா பூச்சியா? மேல ஒண்ணும் கிடையாது, எல்லாம் உள்ள. துப்பாம மெல்லு. காரம் தொண்டையிலதான் தெரியும்."

சொல்லிவிட்டு ஆபீசர் தன் வெள்ளி டப்பாவைத் திறந்து, மெட்ராஸ் புகையிலையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டார்.

வரதன் அதையே பார்த்தார். "சாருக்கு டப்பா சரக்கு, நமக்கு மருந்து சரக்கு" என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு ஒவ்வொரு பாத்தி இலையாக மென்று விழுங்கினார்.

பொழுது சாய்வதற்குள் வாயில் எச்சில் ஒழுகியது. வாந்தி எடுத்தார். தொடைச் சதை தானாகத் துடித்தது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. "கண்ணு மங்கலாகீதுப்பா" என்று என் கையைப் பிடித்தார். மாட்டு வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது.

ஆபீசர் ஜீப்பில் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தார். கள்ளச்சாராயம் என்று சொல்லி வைத்துவிட்டார். மதுவிலக்குக் காலம் அது. காலனிக்காரன் செத்தான், சாராயம் என்றால் யார் மேற்கொண்டு கேட்பார்கள்? நான் டாக்டரிடம் இலையைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் எனக்கு வேலை இல்லை.

"என் வூட்டுக்காரு கண்ணாலத்தன்னிக்குக் கூடக் குடிக்கலையே" என்றார் அவர் மனைவி எல்லம்மா. அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கிணறு தூர்ந்து போயிற்று. நிலத்தில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். புகையிலை அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை. அந்த மருந்தும் இப்போது வருவதில்லை என்று மகன் சொல்கிறான். ஆனால் வரதனின் பேரனை இன்றைக்கும் சாராயம் குடித்துச் செத்தவன் பேரன் என்றுதான் ஊரில் அடையாளம் சொல்கிறார்கள்.

ஆபீசர் சார், அதே மண்டபத்துக்கு வாருங்கள். எல்லம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார், முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். அதே மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். வரதன் வயிற்றில் இருந்தது சாராயமா, உங்கள் மருந்தா? மேலே ஒன்றும் இல்லாத அந்த இலையில் ஒரு துண்டை நீங்கள் ஏன் வாயில் போடவில்லை?