வெள்ளி நாரை விழுந்த நாள்

கைத்தட்டல் ஓய்ந்த பிறகும் அந்த மனிதர் ஏன் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை? ஜப்பானின் தொச்சிகி கல்குவாரியில் அன்று யாராவது கேட்டிருந்தால், படக்குழுவில் ஒருவனான என்னிடம் பதில் இருந்திருக்காது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இசோபே குனியோவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடங்களாக, ஒன்பது படங்களில், வெள்ளி நாரையின் உடைக்குள் இருந்தவர் அவர்தான். வெள்ளி நாரை, பிள்ளைகளுக்கான அந்தச் சாகசப் படங்களில் வரும் முகமூடி வீரன், நாரைப் படையின் தலைவன். முகம் தெரியும் காட்சிகளில் கமியா என்ற நடிகர் வருவார், குரலும் அவருடையதே. முகமூடி மாட்டிவிட்டால் ஓடுவது, தீயில் புகுவது, கூரையிலிருந்து குதிப்பது எல்லாம் இசோபே. கமியாவின் பெயர் சுவரொட்டியில் இருக்கும். இசோபேயின் பெயர் படம் முடிந்து ஓடும் பட்டியலில், பதினாறு பேரோடு சேர்ந்து வேகமாக மேலே போய்விடும்.

பத்தாவது படத்தில் இரண்டு புதிய படைகளைக் கொண்டுவர நிறுவனம் முடிவுசெய்தது. அலைப் படையில் ஐந்து பேர், வேர்ப் படையில் ஐந்து பேர். பழைய தலைவன் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகள் புதியவர்களை ஏற்க மாட்டார்கள் என்று தயாரிப்பாளர் நினைத்தார். அதனால் வெள்ளி நாரை தன் வாளை அவர்களிடம் கொடுத்துவிட்டுச் சாக வேண்டும்.

இசோபே மறுபேச்சுப் பேசவில்லை. உதவி இயக்குநர் உனோவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். எங்கள் படப்பிடிப்புகளில் ஒரு பாத்திரத்தின் கதை முடிந்தால், கடைசி ஷாட்டுக்குப் பிறகு உதவி இயக்குநர் அதில் நடித்தவரின் பெயரை உரக்கச் சொல்வார். எல்லோரும் கைதட்டுவார்கள், பூச்செண்டு கொடுப்பார்கள். வெள்ளி நாரைக்கு எப்போதும் அடுத்த படம் இருந்ததால் இசோபேவுக்கு அது நடந்ததே இல்லை.

"என் பேரைச் சொல்லு. அது போதும்."

"இதைக் கேக்கவும் வேணுமா இசோபே-சான்? தொண்டை கிழியக் கத்துறேன். நீங்க முழங்காலைப் பாத்துக்குங்க. நேத்து அது போட்ட சத்தம் மைக்ல விழுந்துடுச்சு."

"அதுக்குத் தனிச் சம்பளம் வாங்கிக் குடு."

அதை நம்பித்தான் மனைவி தோமோயோவைக் குவாரிக்கு அழைத்தார். "நீங்க விழறதைப் பாக்கவா? அதான் வீட்டுப் படியிலயே பாக்கறேனே" என்றவள், இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். படப்பிடிப்புக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

அன்று, ரசிகர்களுக்கு நடத்திய போட்டியில் ஜெயித்த இருபது பிள்ளைகளையும் நிறுவனம் கூட்டி வந்திருந்தது. பிள்ளைகள் இருக்குமிடத்தில் முகமூடியைக் கழற்றக் கூடாது, பேசவும் கூடாது. அவர்களைப் பொறுத்தவரை உள்ளே ஆள் கிடையாது. வெள்ளி நாரைதான் உண்டு. உடைக்குள் போகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்வது இது.

வெள்ளி நாரை வாளைக் கொடுத்தான். முழங்கால் மடிந்தது, பிறகு தோள் சாய்ந்தது, கடைசியில் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதல் டேக்கிலேயே ஓகே.

உனோ ஒலிபெருக்கியைத் தூக்கினார். எதிரே பிள்ளைகளின் முகங்கள். அவர்கள் முன்னால் வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய பெயரே நாக்கில் வந்தது.

"இத்தோட வெள்ளி நாரை, கமியா-சானுக்குப் படப்பிடிப்பு நிறைவு!"

வேடிக்கை பார்க்க வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றிருந்த கமியாவின் பக்கம் எல்லோரும் திரும்பிக் கைதட்டினார்கள். அவர் பூச்செண்டை வாங்கிக் குனிந்து வணங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டுவதற்குத் தூக்கிய கைகளைத் தோமோயோ கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முகமூடிக்குள் இசோபேவுக்கு எல்லாம் கேட்டது. ஒரு கையைத் தூக்கியிருந்தால் போதும். ஆனால் முன்வரிசையில் ஒரு சிறுமி தேம்பிக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டாரா?"

"ஆமாடா கண்ணு" என்றாள் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த பெண். "அங்க பாரு, புதுசா பத்துப் பேர் இருக்காங்கல்ல."

செத்தவன் அந்தப் பிள்ளையின் கண்ணெதிரே எப்படி எழுந்திருப்பான்? இசோபே அசையாமல் கிடந்தார். பிப்ரவரி மாதக் குளிர் சரளைக் கற்களிலிருந்து உடைக்குள் ஏறியது. புதிய படைகளோடு பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறுவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று.

அப்புறம்தான் உனோவுக்கு உறைத்தது. ஓடி வந்து முகமூடியின் பின்பக்கக் கொக்கியைக் கழற்றினார்.

"வாய் தவறிடுச்சு இசோபே-சான். எல்லாரையும் திரும்பக் கூப்பிடறேன்."

"வேணாம். ரெண்டு தடவை செத்தா நல்லாருக்காது."

"நான்..."

"பிள்ளைங்க இருந்தாங்க. விடு."

வீடு திரும்பும்போது தோமோயோதான் காரை ஓட்டினாள். இசோபேவால் காலை மடக்க முடியவில்லை. வெகு தூரம் வந்த பிறகு கேட்டாள்.

"கையையாவது தூக்கிக் காட்டியிருக்கலாம்ல?"

"அந்தப் பொண்ணு அழுதுட்டு இருந்தா."

"நானுந்தாங்க அழுதுட்டு இருந்தேன்."



கோடையில் படம் வந்தது. புதிய படைகளைப் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. இசோபே அதன் பிறகு எந்த உடைக்குள்ளும் போகவில்லை.

அந்தப் படத்தை நீங்கள் பார்க்க நேர்ந்தால், பக்கத்தில் இருக்கும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்: அங்கே விழுந்தவர் இசோபே குனியோ. அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும். பிள்ளைகளிடம் மட்டும் வேண்டாம்.