நாலாம் நம்பர் பேஸ்

என் அண்ணனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முப்பத்தோரு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டே குடும்பம் நடத்துகிறான். வருபவரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான வட்டச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைச் சொருகி, "இது தெளிவா?" என்பான். அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சொருகி, "இல்ல, இது தெளிவா? ஒண்ணா, ரெண்டா?" என்பான். கேட்கும்போது முகத்தில் ஒரு சலனம் இருக்காது. எது சரி என்று அவன் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதாம்.

என் கணவர் அவனுக்கு 'ஒண்ணா ரெண்டா' என்றே பெயர் வைத்துவிட்டார். "ஒண்ணா ரெண்டா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டுதான் அடிநாதம் வாசிக்கும் பேஸ் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். அவர் பேருந்து ஓட்டுநர். ஓய்வு நாள் என்றால் மனிதர்கள் தூங்குவார்கள். இவர் அங்கே போய்விடுவார். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் பாட்டுப் பதிவு. சுவரில் ஒரு பழைய மெத்தையைச் சாய்த்து வைத்திருப்பான். அண்ணி துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு பாடுவார். எதிரொலி வராமல் இருக்க அதுதான் வழியாம். அண்ணி பாட்டை முடித்துத் திரும்பும்போது, தலையில் ஏதாவது ஒரு ஹேங்கர் சிக்கியிருக்கும். இப்படிப் பதினோரு பாட்டு எடுத்தார்கள். கேட்டது மொத்தம் இருபது பேர் இருப்போம்.

உலகத்தில் எல்லோரும் தாளத்தோடு சேர்த்துப் பேஸை முதலில் எடுப்பார்கள். இவர்கள் மட்டும் கடைசியில் எடுப்பார்கள். என் கணவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். எந்த நாளில் ஓய்வு கிடைக்கும் என்று டிப்போவுக்கே தெரியாது. அதனால் அண்ணனின் கித்தாரையும் அண்ணியின் குரலையும் முடித்து வைத்துவிட்டு, "பேஸ் கடைசியில" என்று அவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் வந்து அரைமணி நேரத்தில் வாசித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போவார். பதினோரு பாட்டுக்கும் அது சரியாகத்தான் வந்தது.

பன்னிரண்டாவது பாட்டு அவரே போட்ட மெட்டு. காலையில் டிப்போவிலிருந்து வண்டியை எடுத்து முதல் நிறுத்தம் வரும்வரை ஆளில்லாத பேருந்தில் அவர் முனகிக்கொண்டே வந்தது. அந்தப் பாட்டுக்குத்தான் பேஸ் இல்லை.

நோய் அவருக்குக் கையில் ஆரம்பித்தது. நரம்பு நோய். முதலில் சாவி நழுவியது, அப்புறம் டம்ளர், அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினான்கு மாதத்தில் மூச்சு வரைக்கும் போய் முடிந்துவிட்டது. மருத்துவர் அதற்கொரு பெயர் சொல்வதற்கு முன்பு இரண்டு மூன்று மாதம் நாங்கள் அதை நோயென்றே நினைக்கவில்லை. அந்தச் சமயத்தில் அவர் தினமும் மாலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒயரை மாட்டாமலே அந்தப் பாட்டைப் பழகுவார். சமையலறையில் எனக்கு 'டொக்கு டொக்கு' என்று மட்டும் கேட்கும். "கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார் ஒருநாள். "வீட்டுல யாருதான் உங்க பேச்சக் கேக்கறாங்க" என்று நான் சிரித்தேன்.

அவர் போய் ஒரு வருடம் ஆனபோது அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் என்னைக் கூப்பிட்டான். பாட்டை முடிக்க வேண்டும் என்றான். கம்ப்யூட்டருக்குள்ளேயே பேஸ் கித்தார் இருக்கிறதாம். எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, ஓங்கி, இழுத்து வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார். நாம் ஸ்வரத்தை எழுதிக் கொடுத்தால் போதும், அது வாசித்துவிடும். இரண்டு மாதமாக இணையத்திலிருந்து இலவச மாதிரிகளாக இறக்கி இறக்கிக் கேட்டிருக்கிறான். அதில் மூன்று தேறியிருந்தன.

"விரலால வாசிக்கிற மாதிரி வேணுமா, பிக்கால வாசிக்கிற மாதிரியா, எல்லாம் இருக்கு. பழைய கம்பி சத்தம்கூட இருக்கு. இங்க பாரு, கம்பி உரசறதுக்கு ஒரு குமிழ். இத திருப்பினா கொஞ்சம் முன்னப் பின்ன வாசிக்கும், மனுஷன் மாதிரி."

"மனுஷன் மாதிரி எவ்வளவு வைக்கணும்?"

"முப்பது சதவீதம் போதும்னு போட்டிருக்கான்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போயிருப்பேன். ஆனால் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு எல்லாமே நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கு. எது அவர மாதிரி இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்மா" என்றார். அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குள் கொஞ்சம் பெருமைகூட. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் நான். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

அண்ணன் என்னைத் திரைக்கு முதுகு காட்டி உட்காரவைத்தான். கடையில் செய்வது போலவே குரலை மாற்றிக்கொண்டான். "முதல் சரணம் மட்டும் வைக்கிறேன். ஒண்ணு."

கித்தார் வந்தது, அண்ணி குரல் வந்தது, அடியில் பேஸ் வந்தது. நன்றாக இருந்தது, ஆனால் ரொம்பத் துடிப்பு. "இவ்வளவு அவசரப்பட மாட்டார்" என்றேன்.

"ரெண்டு."

உடம்பு சிலிர்த்துவிட்டது. கனமாக, நிதானமாக, ஒவ்வொரு ஸ்வரமும் கால் ஊன்றி நடந்து வந்தது. வண்டியை அவர் வளைவில் திருப்பும் நிதானம் அது. "இதுதான்" என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. "அண்ணா, இதுதான் அவர்."

"மூணையும் கேளு."

மூன்று சப்பென்றிருந்தது. எல்லாம் முடிந்தது என்று திரும்பப் போனேன். "இரு. நாலு" என்றான் அண்ணன்.

நாலாவது தாளத்தில் நிற்கவில்லை. பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது. மூன்றாவது அடியில் ஒரு ஸ்வரம் வழுக்கி, பாதியில் செத்துப்போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. "இது யாரோ கத்துக்குட்டி வாசிக்கற மாதிரி இருக்கு. அவரு காதுல விழுந்தா சிரிப்பாரு. தூக்கிப் போடு அத."

திரும்பினேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி ஜன்னலைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். மேலே மூன்று வரிசையும் குட்டிக் குட்டிப் பெட்டிகளாக இருந்தன; எழுதிக் கொடுத்த ஸ்வரங்கள். நாலாவது வரிசை மட்டும் முள் முள்ளாக ஒரு கோடு. அண்ணியின் குரல் வரிசையும் அப்படித்தான் இருந்தது. மைக் வைத்தோ ஒயர் மாட்டியோ நிஜமாகப் பதிந்தால்தான் அப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

"அது ஏன் வேற மாதிரி இருக்கு?"

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. "அது மாப்பிள்ளைம்மா" என்றான்.

கடையில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடுவில் சொல்லாமல், வந்தவரின் பழைய லென்ஸையே மறுபடியும் சொருகிப் பார்ப்பான். அதையும் 'பிரமாதம்' என்றால், ஆள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று அர்த்தம். அப்படித்தான் எனக்கும் வைத்திருக்கிறான். நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன், அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் நம்பலாம் என்று நினைத்திருக்கிறான். படுபாவி.

"எப்ப எடுத்தது?" என்றேன்.

"கை வராம இருந்தப்ப. ஒத்திகைன்னுதான் எடுத்தேன். அப்ப நமக்கு என்ன தெரியும்?" அவன் தலை நிமிரவில்லை. "ஒரு சரணம்தான் இருக்கு. அதுக்கப்புறம் நான்தான் நிறுத்தச் சொன்னேன். 'தாளத்துல நிக்க மாட்டேங்கறீங்க மாப்பிள்ளை, வீட்டுல நல்லாப் பழகிட்டு வாங்க, பேஸக் கடைசியில எடுத்துக்கலாம்'னு அனுப்பிட்டேன்." அதோடு அவன் உடைந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை.

கட்டில் ஓரத்தில் அவர் ஏன் அப்படி விடாமல் பழகினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணன் மேல் ஆத்திரப்பட வேண்டும் என்றுதான் பார்த்தேன், வரவில்லை. அவன் திருப்பி அனுப்பினான், நான் கேலி செய்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மனிதர் தனியாக உட்கார்ந்து, கேட்காத கையோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு மறுபடி திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "மாத்தி மாத்தி வை. எதுன்னு சொல்லாம வை" என்றேன்.

"வேண்டாம்மா."

"வைடா."

சின்ன வயதுக்கு அப்புறம் நான் அவனை 'டா' போட்டதில்லை. வைத்தான். ஒன்று முழுதாக ஓடியது, பேசாமல் இருந்தேன். இரண்டும் ஓடியது. மூன்றாவதாக வைத்ததில் பாதி தாண்டியதும் கையைத் தூக்கி, "இது" என்றேன்.

அண்ணன் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சிரித்தான், அழுதான். "பாத்தியா! உனக்குத் தெரியாமப் போயிடுமா?"

பாட்டை அதை வைத்துத்தான் முடித்தான். வழுக்கிய ஸ்வரத்தைக்கூடச் சரிசெய்யவில்லை. முதல் சரணம் வரை பேஸ் வரும், அப்புறம் வராது. கேட்கிற இருபது பேரில் யாராவது, "பாதியில நின்னுபோச்சே, மறந்துட்டீங்களா?" என்பார்கள். "அவ்வளவுதான் இருக்கு" என்பான் அண்ணன். கூடவே ஒவ்வொருவரிடமும் பெருமையாக, "நாலு வெச்சேன், என் தங்கச்சி கரெக்டா கண்டுபிடிச்சுட்டா" என்பான். முதல் தடவை நடந்ததை அவன் யாரிடமும் சொல்வதில்லை. மறந்தேபோய்விட்டானோ என்னவோ. அவனுக்கு அந்த நிம்மதி இருக்கட்டும் என்று நானும் வாயைத் திறப்பதில்லை.

நான் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவது அடியில் அந்த ஸ்வரம் எப்போது வழுக்கும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். அது வந்ததும் கையைத் தூக்கினேன். அந்த ஒரு தப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால், இரண்டாம் தடவையும் என் கணவரை நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.