நுரை வேணாம் ஆயா

ஸ்பூனால் நுரையை வழித்து நடைபாதை ஓரம் உதறிவிட்டுத்தான் ஆனந்தகுமார் காபியை வாயில் வைப்பார். மந்தைவெளியில் என் கடைக்கு வருகிற அத்தனை பேரும் நுரைக்காகவே வருகிறவர்கள். இவர் ஒருத்தர்தான் தினமும் "நுரை வேணாம் ஆயா" என்பார். நுரை வர ஆற்றாத காபியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை; கொடுக்கவும் மாட்டேன். வழித்துப் போடுவது அவர் பாடு.

"இன்னா சார், நுரைக்கும் உனுக்கும் வாய்க்கா தகராறா?" என்று ஆட்டோக்கார வாஜித் வம்புக்கிழுப்பான்.

"அது போர்வை மாதிரி வாஜித். அடியில கொதிக்கிறது மேல தெரியாது. நாக்குதான் வேகும்."

நுரையோடு மல்லுக்கட்டுவதுதான் அவர் பிழைப்பே. அணு உலையில் மிஞ்சுகிற விஷக் கழிவைக் கண்ணாடித் தூளோடு உருக்கி இறுகவிட்டால், விஷம் கண்ணாடிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்குமாம். அதற்காக ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் சோதனை உலை கட்டியிருந்தார். அசல் கழிவு இல்லை, பயப்படாதீர்கள். அதே பக்குவத்தில் கலந்த விஷமில்லாத சரக்கு. உருகின கண்ணாடிக்குள் கரண்டு பாய்ச்சித்தான் சூடேற்றுவது. மேலே உருகாத சரக்கு மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் நுரை கிளம்பினால் போச்சு. "கீழ அக்னி நட்சத்திரம், மேல மார்கழி. சூடு ஏறவே மாட்டேங்குது ஆயா" என்பார். நுரையை அடக்க அந்தச் சரக்கில் சர்க்கரை போடுவார்களாம். சர்க்கரை! எனக்கு இன்றைக்கும் நம்பிக்கையில்லை.

கல்யாண வீட்டில் பந்திக்குப் போகாமல் பாயச அண்டாவை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார், சமையல்காரர் விரட்டுவார். பொங்கலன்று பால் பொங்கும்போது தெருவே கூவும், இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அந்த உலையத்தான் கட்டிக்கிட்டாரு ஆயா, என்னை இல்ல" என்று அவர் மனைவி ஜெயஸ்ரீ என்னிடம் அலுத்துக்கொள்வாள்.

போன வாரம் மேலதிகாரிகள் பார்க்க வருவதாக ஏற்பாடு. நுரை அடங்கினால் வேலை தொடரும். இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள். காலையில் மனிதர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். "சும்மா போ நைனா. நீ கட்ன ஒல உன் பேச்ச கேக்காம எங்க போவும்?" என்று அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் வாஜித்தின் ஆட்டோவில் வந்து இறங்கினார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நுரை ஏறிச்சு ஆயா. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பயந்துட்டேன். அளவுக்கு மேல சர்க்கரை போட்டுட்டேன்."

"அடங்கலியா?"

"அடங்கிடுச்சு. கை தட்டினாங்க." குனிந்து தரையைக் காட்டினார். "சர்க்கரை மிஞ்சினா சரக்குல இருக்கிற உலோகம் பிரிஞ்சு அடியில தங்கிடும். மத்தியானத்துக்குள்ள தங்கிடுச்சு. கரண்டு கண்ணாடிய விட்டுட்டு அது வழியா ஓடிடுச்சு. உலையே போச்சு. இனிமே வேற கட்ட வேணாம்னுட்டாங்க."

"தெரியாமத்தான நைனா..."

"தெரியும் ஆயா. எனக்குத் தெரியும்."

வாயாடி வாஜித்கூட வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். உயரத் தூக்கி ஆற்றி, நுரை ததும்ப அவர் முன்னால் வைத்தேன். அவர் ஸ்பூனைத் தேடவில்லை. மனசு கேட்காமல், இன்னும் கொஞ்சம் இனிப்பாக இருக்கட்டுமே என்று சர்க்கரை டப்பாவைத் திறந்தேன்.

உள்ளங்கையால் கிளாஸை மூடினார். விரலிடுக்கில் நுரை பிதுங்கியது. நான் டப்பாவை மூடி உள்ளே வைத்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.