அழகம்மாவின் கிணறும் எண்ணெய்க் கொம்பனியும்

அழகம்மா பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவள். எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்தபோது, புருசன் மாயாண்டியோடும் கைக்குழந்தையோடும் உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தாள். வந்த இடத்தில் யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. விசுவமடுவில் காடு வெட்டக் கூப்பிட்டார்கள், வெட்டினார்கள். மிளகாய் பிடுங்கக் கூப்பிட்டார்கள், பிடுங்கினார்கள். வாங்கிய கூலியில் மிச்சம் பிடித்து ஒரு துண்டுக் காணி எடுத்த வருசம், மாயாண்டி தானே இறங்கிக் கிணறு வெட்டினான்.

அயல் கிணறுகளெல்லாம் சவர்த்தன. இந்தக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் வந்தது. மலேரியாவுக்குக் குளிசை கிடைக்காத ஒரு மாரியில் மாயாண்டி போய்ச் சேர்ந்த பிறகு, அழகம்மாவைத் தாங்கியது அந்தக் கிணறுதான். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அள்ளி இறைத்தாள். அன்றைக்குக் கைக்குழந்தையாக வந்த மகள் அருந்ததி பிள்ளை பெற்று வந்து கிடந்தபோது, பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் வைத்ததும் அதே தண்ணீரில்தான்.

தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து வந்த வியாபாரிகள் மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து, அவளுடைய வேலிக்கு அடுத்த வளவை எடுத்து மண்ணெண்ணெய் விற்கத் தொடங்கினார்கள். ஒரு கொட்டிலும் சில இரும்புப் பரல்களும் எண்ணெய் அளக்கும் ஒரு போத்தலும்தான் அவர்களுடைய சொத்து. ஆனாலும் தங்களைக் கொம்பனி என்று சொல்லிக்கொண்டார்கள், ஊரும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது. வன்னிக்குள் எரிபொருள் வராத பொருளாதாரத் தடைக்குள் எண்ணெய் வைத்திருந்தவன் ராசாதானே! விளக்கு எரிந்ததும், தோட்டக்காரரின் பம்பு ஓடியதும், ஏன், மோட்டார் சைக்கிள் புகை கக்கிக்கொண்டு போனதும் மண்ணெண்ணெயில்தான்.

கிபிர் விமானம் வந்து குண்டு போட்டால் ஊரே பற்றிவிடும் என்று, கொம்பனி தன் எண்ணெய்ப் பரல்களை நிலத்துக்குள் தாட்டு வைத்தது. புத்தியான வேலை என்று எல்லோரும் மெச்சினார்கள். அழகம்மாவும் மெச்சினாள், பாவம். தாட்ட இடம் அவளுடைய கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட என்று அன்றைக்கு ஒருவருக்கும் ஓடவில்லை. எல்லாருடைய கண்ணும் வானத்தில் இருந்தது.

அடுத்த கார்த்திகை மழை விட்டதும் தண்ணீர் மணக்கத் தொடங்கியது. வாளியில் அள்ளினால் மேலே வானவில் நிறத்தில் ஆடை படர்ந்தது. அவள் கொட்டிலுக்குப் போய்ச் சொன்னாள். உன்ர பம்பு எண்ணெய் கக்குது, அதைப் பார் என்றார்கள். அவளிடம் பம்பே இல்லை, கப்பியும் கயிறும்தான் இருந்தன. மறுபடி போனபோது, றோட்டுத் தார் மழையில் கரைந்து வந்திருக்கும் என்றார்கள். அந்தப் பக்கத்தில் இருந்ததோ தாரே காணாத கிரவல் ஒழுங்கை. கொம்பனிக்கு வாயில் பதில் முட்டுப்பட்டதே இல்லை. அயலில் இருந்த இராசமலர்கூட, கொம்பனியோடு கொழுவினால் விளக்குக்கு எண்ணெய் கிடையாது, பேசாமல் இரு என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள். அருந்ததி பள்ளிக்கூடக் கிணற்றில் இருந்து குடிதண்ணீர் சுமக்கத் தொடங்கினாள்.

அழகம்மா விடவில்லை. எண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள். கொம்பனிக்கு மூத்தவரான மயில்வாகனத்துக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து, எங்கள் எண்ணெய் ஒழுகவில்லை என்று சத்தியம் செய்கிறேன், நீயும் வந்து நின்று பார் என்று சொல்லியனுப்பினார். சொன்னபடி அவளைக் கூட்டிப் போக அவரே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. வேலியோரம் நாலைந்து சனமும் கூடிவிட்டது.

அழகம்மா கதிரையைத் தூக்கி முற்றத்தில் போட்டாள். அவர் இருந்ததும் குசினிக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சண்டைக்காரனாக இருந்தாலும் வாசலுக்கு வந்தவனுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தே பழகிய கை அது. பள்ளிக்கூடக் கிணற்றுக்குப் போன அருந்ததி இன்னும் வரவில்லை. பானையில் இருந்தது சொந்தக் கிணற்றுத் தண்ணீர், பழக்கத்தில் அள்ளியவளுக்கு அது நினைவில் வரவில்லை.

அவர் செம்பை வாயருகே கொண்டுபோனார், நின்றார், மடியில் இறக்கினார்.

அழகம்மாவின் முகம் செத்துப்போனது. தோட்டக்காட்டாள் என்று அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடாதவர்களை அவள் நிறையக் கண்டவள். கொளுத்தும் வெயிலில் வந்து நின்றுகொண்டு, இப்பதான் குடிச்சனான் என்பார்கள். அந்த அவமானத்துக்கு இருபது வருசத்திலும் அவளுக்குத் தோல் தடிக்கவில்லை.

"வேணாம்னா வச்சிருங்க ஐயா," என்றாள். "எங்க வீட்டுல தண்ணி குடிக்காதவங்க எனக்குப் புதுசில்லீங்க."

மயில்வாகனம் நிமிர்ந்து பார்த்தார். அவர் பல பொய்களோடு வந்தவர்தான். ஆனால் இந்தப் பழியை மட்டும் அவரால் சுமக்க முடியவில்லை.

"ஐயோ, அப்பிடி நினைக்காதேங்கோ அழகம்மா. உங்கட வீடெண்டு இல்லை. இதில மண்ணெண்ணெய் மணக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. இனிக் கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்ய ஒன்றும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாரக்கணக்காக அழகம்மா கொட்டில் வாசலில் நின்று கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான். கிடைத்தபோது அவளுக்கு வெற்றியாக இருக்கவில்லை. தன் மூக்குத்தான் பிழை, இவர் மடக்கென்று குடித்துவிட்டு நல்ல தண்ணி என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் அவள் ஆசைப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. நிலத்தில் குந்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பரல்களை அன்றைக்கே கிண்டி எடுப்பதாகவும், கொம்பனியின் எண்ணெயிலேயே பம்பு ஓட்டிக் கிணற்றை அடிமண் தெரிய இறைத்துத் தருவதாகவும் மயில்வாகனம் சொன்னார். வேலியோரம் நின்றவர்களும் அது நியாயம் என்றார்கள்.

அழகம்மா முகத்தைத் துடைத்தாள்.

"எறைச்சா போயிருமாங்க?"

எதற்கும் பதில் வைத்திருந்த மனிதர், செம்பை மெல்ல நிலத்தில் வைத்தார்.

"தெரியாது, அம்மா," என்றார்.