ரவையின் நீளம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் டார்னெய்ட் என்ற புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு அந்தக் குடும்பம் வந்து இரண்டு வருடம் இருக்கும். கோயம்புத்தூர்க்காரர்கள். அந்த வீட்டுத் தம்பிக்குக் கணினி வேலை, மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரு சனிக்கிழமை காலை நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே அவருடைய தலை தெரிந்தது.

“அக்கா, நீங்க வேலைல அளந்து பார்க்கிற ஆள்தானே? உங்ககிட்ட நல்ல காலிப்பர் இருக்கா? என்னோடது பொய் சொல்லுது.”

பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தண்டுகளையும் வளையங்களையும் காலிப்பர் என்ற அளவுகருவியால் அளந்து, நல்லதை ஒரு பக்கமும் பிழையானதை மறுபக்கமும் போடுவதுதான் பதினாறு வருடமாக என் வேலை. ஒருவர் தன் காலிப்பர் பொய் சொல்கிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்த ஆளின் மேல்தான்.

“என்னத்தைத் தம்பி அளக்கிறியள்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “புல்லட்.”

“ரவையே?”

“ரவை இல்லக்கா. ரவை உப்புமாவுக்கு. இது துப்பாக்கிக்கு.”

“அதைத்தான் தம்பி நாங்கள் ரவை எண்டு சொல்லுறது!”

இரண்டு பேரும் சிரித்து முடிய விஷயத்தைச் சொன்னார். அலுவலக நண்பர்களோடு மலைப்பக்கம் மான் வேட்டைக்குப் போகப் பழகியிருக்கிறார். முறைப்படி லைசென்ஸ் எடுத்து, தோட்டாக்களையும் கராஜில் தானே செய்கிறார். போன முறை அங்கே போய்ப் பார்த்தால் பாதித் தோட்டாக்கள் துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மகசீனுக்குள் போகவில்லை. நீளம் கூடிவிட்டது.

“மீதியையும் நம்பிச் சுட பயந்து, மூணு நாளும் எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்துட்டு வந்தேன்க்கா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, தயக்கமும் வந்தது. நான் வளர்ந்த யுத்த காலத்தில் எங்கள் ஊர்க் காணிகளில் ரவைக்கோதுகள், வெடித்த ரவைகளின் வெறுங்கூடுகள், கிடக்கும். எதையும் தொடக்கூடாது என்பது எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்த பாடம். அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

“வெடிமருந்து போட்டதை நான் தொடமாட்டன், தம்பி.”

“மருந்தே இல்லக்கா. நெருப்புப் பத்த வைக்கிற கேப்பும் இல்ல. அளவு பார்க்கச் செஞ்ச டம்மி. வெறும் பித்தளைக் கூடும் குண்டும்தான்.”

என் காலிப்பர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கராஜில் ஒரு மேசை, பூட்டிய இரும்பு அலுமாரி, கைப்பிடியை இழுத்தால் குண்டைப் பித்தளைக் கோதுக்குள் அழுத்தி இறக்கும் ஒரு சிறிய இயந்திரம். மேசையில் விரித்த துவாயில் ஐந்து டம்மித் தோட்டாக்களை வரிசையாக வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் முதலாவதைத் தொட்டேன். குளிர்ந்த, மினுங்குகிற ஒரு பித்தளைத் துண்டு. கையில் எடுத்ததும் எனக்குள் இருந்த தொழிற்சாலைக்காரி முன்னுக்கு வந்துவிட்டாள்.

என் பெட்டியில் காலிப்பரைச் சரிபார்க்கும், அளவு குறித்த எஃகுக் கட்டை ஒன்று இருக்கிறது. அதை அவருடைய காலிப்பரால் அளந்தேன். மயிரிழை பிசகவில்லை.

“உங்கட காலிப்பர் உண்மைதான் சொல்லுது.”

அவர் முகம் விழுந்துவிட்டது. ஐந்தையும் அடியிலிருந்து நுனிவரை அளந்தோம். ஐந்தும் ஐந்து நீளம். “ஒரே மாதிரிதான் இழுத்தேன்க்கா, சத்தியமா!” என்றார்.

அவரிடம் பூதக்கண்ணாடியை வாங்கி நுனிகளைப் பார்த்தேன். குண்டின் உடல் செம்பு, நுனி மட்டும் ஈயம். ஈயம் மென்மையானது. பெட்டிக்குள் உருண்டு அடிபட்டு ஒன்று சப்பளிந்து தட்டையாகியிருந்தது, ஒன்றில் பிசிர் நின்றது, ஒன்று புதிதுபோல் கூராக இருந்தது.

“மெஷின் குண்டில எந்த இடத்தைப் பிடிச்சுத் தள்ளுது?”

அவர் உள்ளே இருந்த பாகத்தைக் கழற்றிக் காட்டினார். அது நுனியைத் தொடுவதே இல்லை. அதற்குக் கீழே, குண்டின் கன்னம் பருக்கத் தொடங்கும் இடத்தில்தான் பிடிக்கிறது. செம்பில் மெல்லிய வளையமாக அந்த அடையாளமும் தெரிந்தது.

“மெஷின் கன்னத்தைப் பிடிக்குது, நீங்கள் மூக்கை அளக்கிறியள். பிறகு எப்பிடி ஒத்துவரும்?”

அவர் தலையில் கைவைத்தார். போன முறை சப்பளிந்த நுனியுள்ள ஒரு தோட்டாவை மட்டும் அளந்து, அது மகசீனுக்குள் போனதும் அதே அளவில் மீதியெல்லாவற்றையும் செய்திருக்கிறார். நுனி கூரானவை எல்லாம் நீளம் கூடி நின்றுவிட்டன.

வீட்டுக்குப் போய் என் கணவரின் ஆணி டப்பாவைக் கிண்டி, துளைக்குள் குண்டின் கன்னம் வந்து உட்காரும் நட் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதன் இரண்டு முகமும் மட்டமாகும்வரை அரத்தாளில் தேய்த்தேன். நட்டைக் குண்டின் மேல் தொப்பிபோல் வைத்து, தோட்டாவின் அடியிலிருந்து நட்டின் மேல்வரை அளந்தோம். நான்கு தோட்டாக்கள் சகோதரர்கள்போல் ஒத்துப்போயின. ஐந்தாவது மட்டும் நீளம்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது… என் ஒய்ஃப் கூப்பிட்டப்போ பாதி இழுத்துட்டு எழுந்து போனது.”

“எல்லாத்துக்கும் நான்தான் காரணம்!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“ஒரே மாதிரி இருக்கோ எண்டு பார்க்க நட். மகசீனுக்குள்ள போகுதோ எண்டு பார்க்கிறது வேற. அதுக்கு ஆகக் கூரான நுனி உள்ளதைப் போட்டுப் பாருங்கோ,” என்றேன். அவர் தோட்டா செய்யும் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இயந்திரத்தைத் திருத்தினார். நீளம் கூடினால் மகசீன் ஏற்காது, குறைந்துபோனால் வெடிக்கும்போது உள்ளே அமுக்கம் ஏறிவிடும் என்று விளக்கினார். அதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு மணிபோல ஐந்து டம்மியும் மகசீனுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அவர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, சுடும் பயிற்சி நடக்கும் திடலுக்கு என்னையும் கணவரையும் கூட்டிப்போனார். காதுக்கு மூடி போட்டுப் பின்னால் நின்றோம். முதல் வெடிக்கே கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது வெடிவரை விடவில்லை. பிறகு பக்கத்து வீட்டுத் தம்பி இலக்குத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஐந்து ஓட்டையும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

“நீங்களும் ஒண்ணு சுட்டுப் பாருங்கக்கா.”

“வேண்டாம் தம்பி. எனக்கு அளக்கிறதே காணும், அதுவே போதும்.”

அவர் சரியென்று தலையாட்டினார். தாளில் ஓட்டைகள் இருந்த பாதியை மடித்துக் கிழித்து என்னிடம் தந்தார்.

குளிர்காலம் தொடங்கி ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் கதவு தட்டப்பட்டது. சேற்றுச் சப்பாத்தும் கையில் ஐஸ் பெட்டியுமாக நின்றார்.

“அக்கா, மான்!”

“உங்கட வீட்டுக்குக் கொண்டுபோகேல்லையே?”

“அவ சுத்த சைவம். இந்தப் பெட்டி உள்ள வந்தா நான் வெளிய போகணும்னு சொல்லிட்டா.”

மனைவி கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருந்தார். நகரின் மறுகோடியில் இருக்கும் அந்த இடத்துக்குப் போய்வர அரை நாள் வேண்டும். எங்கள் குசினியில் என் கணவர் சமையலைப் பொறுப்பெடுத்தார். யாழ்ப்பாணத் தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் குக்கரில் வேகவைத்தார். தெருமுனைவரை வாசம் போயிருக்க வேண்டும். கோயிலிலிருந்து திரும்பிய அவர் மனைவி தன் வீட்டுக்குள் போகாமல் நெற்றியில் திருநீறும் கையில் சர்க்கரைப்பொங்கலுமாக நேரே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“நான் உள்ள வரமாட்டேன். ஆனா வேட்டை எப்படி நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். இவர் எனக்கு ஒண்ணுமே சொல்லல.”

கதிரைகளைத் தூக்கி வெளியே போட்டோம். நாங்கள் மூவரும் இறைச்சிக்கறியும் சோறும், அவர் மனைவி சற்றுத் தள்ளிப் பொங்கலும். பனி படிந்த பள்ளத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருந்ததையும், ஒரே வெடியில் முடிந்ததையும், பிறகு நண்பர்கள் நால்வரும் சேர்ந்து மேட்டுக்குச் சுமந்ததையும் தம்பி எழுந்து நின்று நடித்தே காட்டினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். நடுவில் இரண்டு தரம் “அப்புறம்?” என்றும் கேட்டுவிட்டார்.

இறைச்சி கொஞ்சம் கடினம்தான். இன்னும் இரண்டு விசில் விட்டிருக்கலாம் என்றார் என் கணவர். அடுப்படியில் நின்றது யார் என்று நான் கேட்டேன்.