லாரியை நிறுத்திய கிளைக் கூட்டம்

இன்று மதியம், தட்டாஞ்சாவடியில் என் பாட்டில் மூடித் தொழிற்சாலை.

லாரி கிளம்பத் தயார். சரக்கு வாங்குபவர் போனில் அவசரப்படுத்துகிறார். உள்ளே, தரப் பரிசோதகர்கள் சங்கத்தின் எங்கள் தொழிற்சாலைக் கிளை கூட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

“கலா, கூட்டத்த அப்புறம் வெச்சிக்கலாம். கேட் பாஸ்ல கையெழுத்து போடும்மா” என்றேன். பேக்கிங்கில் வேலைக்குச் சேர்ந்தவர் கலா. இப்போது பரிசோதகர், கிளைத் தலைவர்.

“இங்க யாரா இருந்தாலும் கைய தூக்கிட்டுதான் பேசணும் சார். நீங்க வெச்ச ரூல்தான்.”

பத்துப் பேர் பார்க்கக் கையைத் தூக்கினேன்.

“இப்ப சொல்லுங்க சார்.”

“லாரி போவணும்.”

“போவக்கூடாது சார். கடைசி லாட்டு மூடி ஒழுவுது.”

“சரக்கு வாங்குறவருக்கு எவன் பதில் சொல்றது?” கத்திவிட்டேன்.

“போன குடுங்க. நான் சொல்றேன்.”

போனை வாங்கிய கலா அவரிடம் எதையும் மறைக்கவில்லை. ஆறு வருட வாடிக்கையாளர். இன்றோடு போய்விடுவார் என்று நினைத்தேன்.

பிறகு போன் என் கைக்கு வந்தது. “நல்லத மட்டும் இன்னிக்கி அனுப்புங்க. இனிமே சரக்கு விஷயம் அந்தம்மாகிட்டயே பேசிக்கிறேன்” என்றார்.

ஊழியர்களிடம் தலைமைப் பண்பு வளரட்டும் என்று கிளை தொடங்கியவன் நான்தான். வளர்ந்துவிட்டது.

நீங்களும் தொடங்குங்கள். கூடவே பிரஷர் மாத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தொடங்கியவர்கள், எந்த மாத்திரை என்று கீழே சொல்லவும்.