மரியோவின்ட ஒற்றைக் கை

பொன்னம்பலம் அங்கிளின்ட தொண்டை பழைய லொறி மாதிரித்தான் ஸ்ரார்ட் எடுக்கும். "ஹ்ஹ்ர்ர்ம்... பிள்ளை, விசயம் தெரியுமோ?" அதுக்குப் பிறகு வாறது முழுக்க வாட்ஸ்அப்.

கனடாவில, ரெக்ஸ்டேலில எங்கட பில்டிங் கோஓப், குடியிருக்கிறவையே சேர்ந்து நடத்திறது. வீட்டுக்கு ஒரு வோட்டு, எல்லா முடிவும் கூட்டத்தில கை தூக்கித்தான். ஃபக்ரறியில போர்க்லிஃப்ட் ஓடி இப்ப பென்சன் எடுக்கிற அங்கிள் பதினாலாம் மாடி. லிஃப்ட் பழுதாகி ஒரு மாசம். முழங்கால் ஒப்பரேசன் செய்த அவற்ற மனிசி கோணேஸ்வரி அன்ரி மேலயே மாட்டுப்பட்டுப் போனா.

அங்கிளின்ட கதைப்படி, லிஃப்டை உடைச்சது மூண்டாம் மாடிக்குப் புதுசா வந்த அகதிகளாம். திருத்த விடாதது பொருளாளர் றோஷெலாம், ஏனெண்டா அவ யூத மனிசி.

"லிஃப்டுக்கும் யூதருக்கும் என்ன அங்கிள்?"

"உலகமே அவையின்ட கையில. லிஃப்ட் என்ன பெரிய சாமானோ?"

"அவ பன்னிரண்டாம் மாடிக்கு மூச்சு வாங்கி வாங்கி நடந்தெல்லோ ஏறுறா?"

"நடிப்படா!"

லிஃப்ட் திருத்தக் கூட்டம் வைச்சினம். அங்கிள் எழும்பினார். "ஹ்ஹ்ர்ர்ம். முதல்ல ஒரு சட்டம். அகதியா வந்த குடும்பங்களுக்கு வோட்டில்லை. பிறகுதான் லிஃப்ட்."

மனேஜர் கரோலின் மூக்கால கதைக்கிறவ. "மிஸ்ரர் பொன், லோயரிட்டக் கேக்காமல்..."

"இவவும் அவையின்ட ஆள்!"

ஹோல் முழுக்கக் கைதட்டல். அகதி எண்டா பக்கத்துக் கதிரைக்காரன் எண்டுதான் எல்லாருக்கும் நினைப்பு. சட்டம் பாஸ்.

"லிஃப்டுக்கு வோட்டு, கையைத் தூக்குங்கோ. அகதிக் குடும்பங்கள் கையை இறக்குங்கோ" எண்டா கரோலின்.

முதல் இறக்கினது றோஷெல். "எங்கட அம்மா ஹிட்லரிட்டத் தப்பி வந்தவ. நான் அவுட்." பிறகு சோமாலியா அன்ரி, வியட்நாம் அங்கிள். எங்கட தமிழாக்களின்ட கையள் எல்லாம் சத்தமில்லாமல் மடியில. பொன்னம்பலம் அங்கிளின்ட கை மட்டும் கொடிக்கம்பம் மாதிரி.

மேல இருந்து கேக்கிறதுக்கு அன்ரியை அவர் ஃபோன் ஸ்பீக்கரில போட்டிருந்தவர். அது கத்திச்சுது: "கனகசபை! கையை இறக்கு!"

அங்கிள் கனடாவுக்கு வந்தது கனகசபை எண்டவரின்ட பாஸ்போர்ட்டில. எயார்போர்ட்டில இறங்கி அகதி எண்டு கையைத் தூக்கினவர். அன்ரிக்குக் கோவம் வந்தா இண்டைக்கும் அந்தப் பேர்தான். கை இறங்கிச்சுது.

மிச்சம் மரியோ. இங்கயே பிறந்தவர், கீழ்த்தட்டு வீடு. "எனக்கென்னத்துக்கு லிஃப்ட்? வேண்டாம்."

"ஆதரவு ஒண்டுமில்லை, எதிர்ப்பு ஒண்டு" எண்டா கரோலின்.

மரியோ ஜாக்கெட்டைப் போட்டார். "அருமையான கூட்டம். இனி எல்லாத்தையும் நானே பார்க்கிறன்."

ஏழாம் மாடிப் படியில அங்கிள் குந்தினார். பக்கத்தில றோஷெலும், இளைச்சு இளைச்சு.

"உங்கட ஆக்கள் உலகத்தையே ஆட்டுவிக்கினமாம். ஒரு மரியோவை ஆட்டேலாதோ?"

"ஏலுமெண்டா, ஏழாம் மாடியில உம்மோட ஏன் குந்தியிருக்கிறன்?"

அங்கிள் எழும்பி, அவவின்ட பையைத் தன்ர தோளில போட்டார்.

அடுத்த நாள் லோயர் சொல்லிப்போட்டார், அந்தச் சட்டம் செல்லாது, திரும்ப வோட்டெடுக்கோணுமெண்டு. ஆனா பாதிப் பேராவது வரோணும். மூண்டாம் மாடி வராட்டி ஆள் காணாது; அவை இனி வரமாட்டமெண்டு நிண்டினம். அங்கிளே போய்த் தட்டினார். மயூரி எண்ட பிள்ளை கதவைக் கொஞ்சமாத் திறந்தா.

"லிஃப்டை உடைச்சது நாங்களாமே, அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. அது வாட்ஸ்அப்பில... இல்லை, நான்தான் சொன்னனான். நானும் அகதியா வந்தனான்தான். பேர் கூட என்ரையில்லை."

"யூத மனிசி திருத்த விடேல்லை எண்டதும் நீங்கள்தானே?"

"அதுவும் நான்தான்."

மயூரி சங்கிலியைக் கழட்டினா.

ரெண்டாவது கூட்டத்தில ஹோல் முழுக்கக் கை. மரியோ கதிரையில ஏறி நிண்டு தன்ர கையைத் தூக்கிப் பார்த்தார். அப்பவும் ஒண்டுதான்.

கரோலின் எண்ணத் தொடங்க, ஸ்பீக்கரில அன்ரி: "கனகசபை, தூக்கியிருக்கிறீரோ?"

"ஓமப்பா."

"எண்ணி முடியுமட்டும் இறக்காதையும்."